துணைவேந்தர் என்பவர் வேந்தரின் உதவியாளரா?

இல்லை. பல்கலைக்கழகத்தை நாள்தோறும் நடத்துபவரே துணைவேந்தர்தான். ஆசிரியர் நியமனம், நிதி, தேர்வு, ஆராய்ச்சி என எல்லாம் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வரும். வேந்தர் பெரும்பாலும் மரியாதைப் பதவி. இந்தியாவில் பல மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு ஆளுநர் வேந்தர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், எலிசபெத் அரசியின் கணவர் இளவரசர் பிலிப் 30 ஆண்டுகளுக்கும் மேல் அப்பதவியில் இருந்தார்.

ஏன் இப்படி இரண்டு பதவி? பல்கலைக்கழகம் தரும் பட்டத்துக்கு வெளியுலக மதிப்பும் மேற்பார்வையும் வேண்டும். ஆனால் கல்வி முடிவுகளைக் கல்வியாளர்தான் எடுக்க வேண்டும். வீட்டின் மூத்தவரையும், வரவு செலவு பார்த்துக் குடும்பத்தை நடத்துபவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, துணைவேந்தர் இடத்துக்கு எப்படி வருகிறார்கள்? உதவிப் பேராசிரியர், பேராசிரியர், அப்புறம் துறைத்தலைவர், புலமுதல்வர் (பல துறைகள் சேர்ந்த புலத்தின் தலைவர்) என்பது வழக்கமான பாதை. இந்தியாவில், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, பேராசிரியராகவோ பெயர்பெற்ற ஆய்வு அல்லது கல்வி நிர்வாக நிறுவனத்திலோ குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும். நல்ல நிபந்தனை என்றே நினைக்கிறேன். வகுப்பறையை அறியாதவருக்கு இந்த வேலை பிடிபடாது.

துணைவேந்தர் நினைத்தால் எதையும் மாற்றலாம் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் பாடத்திட்டத்துக்குக் கல்விக் குழுவும், பெரிய நிர்வாக முடிவுகளுக்கு ஆட்சிக் குழுவும் ஒப்புதல் தர வேண்டும்.