ஆளை விடுங்கள், நிலம் யாருக்குப் போனது?

கேள்வி: 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நைட் ஒருவரைப் பற்றி எம்.ஏ. ஆய்வுக்காகத் தேடுகிறேன். இணையத்தில் கிடைத்த வம்ச மரம் ஒன்றில் அவருக்கு ஒரு மனைவி, இன்னொன்றில் இரண்டு. வாரிசாக வந்த மகன் யாருக்குப் பிறந்தவர்? இங்கிலாந்து போகாமல் எப்படிச் சரிபார்ப்பது?

பிறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு என்று தேட ஆரம்பித்திருந்தால் நிறுத்திவிடுங்கள். அங்கே தேவாலயங்களில் பதிவேடு வைக்கச் சொல்லி உத்தரவு வந்ததே 1538இல்தான். உங்கள் நைட் காலத்தில் நிலம் கை மாறும்போதும் சண்டை வரும்போதும்தான் எழுத்தர் பேனாவை எடுத்தார். அதனால் ஆளைத் தேடாமல் அவருடைய நிலத்தைத் தேடுங்கள். அதையும் அவர் இறந்த நாளிலிருந்து பின்னோக்கித் தேடுங்கள்.

அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றிருந்தவர் இறந்தால், எஸ்கீட்டர் என்ற அதிகாரி உள்ளூர் ஆட்களைச் சத்தியம் வாங்கி உட்கார வைத்து விசாரிப்பார். என்னென்ன நிலம், யாரிடமிருந்து பெற்றது, ஆண்டுக்கு என்ன வருமானம், என்று இறந்தார், அடுத்த வாரிசு யார், வாரிசுக்கு என்ன வயது. இதற்கு இன்குவிசிஷன் போஸ்ட் மார்ட்டம் என்று பெயர். பிணத்தை அறுக்கிற போஸ்ட்மார்ட்டம் இல்லை. வாரிசுச் சான்றிதழையும் சொத்துப் பட்டியலையும் ஒன்றாகத் தைத்த மாதிரி. 13ஆம் நூற்றாண்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டு வரை இது நடந்தது. லத்தீன் மூலங்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆங்கிலச் சுருக்கங்கள் தொகுதி தொகுதியாக அச்சாகி, பலவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

உங்கள் கேள்விக்கு விடை இருந்தால், பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். பிறந்த வீட்டு நிலத்தோடு வந்த மனைவி முதலில் இறந்துவிட்டால், கணவர் அந்த நிலத்தைத் தன் ஆயுள் வரை அனுபவிக்கலாம். ஒரே நிபந்தனை: அவர்களுக்கு ஒரு குழந்தை உயிரோடு பிறந்திருக்க வேண்டும். பிறகு அது இறந்துபோயிருந்தாலும் சரி, அதன் அழுகுரல் நான்கு சுவருக்குள் கேட்டிருந்தால் போதும். 'இங்கிலாந்தின் கர்ட்டெஸி' என்பார்கள். ஆனால் கணவர் கண்ணை மூடியதும் அந்த நிலம் அவருடைய வாரிசுக்குப் போகாது, அந்த மனைவியின் வாரிசுக்குத்தான் போகும்.

ஆகவே உங்கள் நைட்டின் விசாரணையில் ஒவ்வொரு நிலத்துக்கும் யார் வாரிசு என்று தனித்தனியாகப் பாருங்கள். மற்ற நிலமெல்லாம் மகனுக்குப் போக, கர்ட்டெஸியில் வைத்திருந்த ஒன்று மட்டும் வேறு ஒருவருக்குப் போனால், அந்த நிலத்தைக் கொண்டுவந்த பெண் அந்த மகனுக்குத் தாய் இல்லை. முதல் மனைவிக்கு மகள் மட்டும், இரண்டாமவருக்கு மகன் என்றால் சொத்து இப்படித்தான் பிரியும்.

கணவருக்குப் பின் உயிரோடிருந்த மனைவியைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். கணவர் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு உரிமை. கொடுக்காவிட்டால் வழக்குப் போடுவார். 'இன்னாருக்கு மனைவியாயிருந்த இன்னார்' என்றே வழக்குச் சுருளில், அதாவது நீதிமன்றம் வழக்குகளைப் பதிந்து வைத்த தோல் சுருளில், பெயர் வரும். ஹூஸ்டன் பல்கலைக்கழகத் தளத்தில் அந்தச் சுருள்களின் படங்கள் இலவசம். எழுத்து மட்டும் கண்ணைப் பிடுங்கும்.

அப்புறம், உறவுச் சொற்களில் ஜாக்கிரதை. லத்தீனில் 'நெப்போஸ்' என்றால் பேரனும் ஆகலாம், உடன்பிறந்தார் மகனும் ஆகலாம். பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று பிரித்தே பழகிய நமக்கு இது பெரிய தலைவலி. 'கன்சாங்குவினியஸ்', அதாவது இரத்த உறவினர், என்பது இன்னும் மோசம். நானே ஒருமுறை அதைப் படித்துவிட்டுப் பங்காளிகளைத் தேடி இரண்டு வாரம் அலைந்தேன்; கடைசியில் பார்த்தால் அவர் இறந்தவரின் சொந்தப் பேரன். 'வயது 30க்கு மேல்' என்றிருந்தால் அதைப் பிறந்த ஆண்டாக மாற்றாதீர்கள். ஆள் வளர்ந்தவர் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வாரிசைத்தான் விசாரணை சொல்லும், வாரிசாகாத தம்பிமார் பெரும்பாலும் அதில் வரமாட்டார்கள். ஆண்டும் அரசர் கணக்கில்தான் இருக்கும்: மூன்றாம் எட்வர்டின் 19ஆம் ஆண்டு என்பது 1345 ஜனவரி 25 முதல் 1346 ஜனவரி 24 வரை.

நிலம் கைவிட்டால் குடும்பச் சின்னங்களை, அதாவது கேடயத்திலும் உடையிலும் போட்டுக்கொண்ட குலச் சின்னங்களை, பாருங்கள். லிங்கன்ஷரில் இர்ன்ஹம் ஊர்க்காரர் சர் ஜெஃப்ரி லட்ரல், 1345இல் இறந்தவர். அவர் எழுதுவித்த, பைபிளின் துதிப்பாடல்கள் அடங்கிய சங்கீதப் புத்தகம் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. அதில் குதிரைமேல் அவர், கீழே இரண்டு பெண்கள். ஒருவர் தலைக்கவசத்தை நீட்ட, மற்றவர் கேடயத்தோடு காத்திருக்கிறார். இருவர் உடையிலும் பாதி லட்ரல் சின்னம், மறுபாதி பிறந்த வீட்டுச் சின்னம். பச்சைச் சிங்கம் உள்ளவர் சட்டன் வீட்டுப் பெண், மனைவி ஆக்னஸ். நீலத்தில் பொன் பட்டை உள்ளவர் ஸ்க்ரூப் வீட்டுப் பெண், மருமகள் பியாட்ரிஸ். அந்தப் பட்டையின் மேல் சீப்பு மாதிரி ஒரு வெள்ளைக் குறி இருக்கிறது பாருங்கள், இளைய கிளையின் அடையாளம் அது. ஸ்க்ரூப் குடும்பத்தின் மூத்த போல்டன் கிளை அல்ல, இளைய மாஷம் கிளை என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

சரி, உங்கள் இரண்டு மரங்களுக்கு வருவோம். இப்படிப்பட்ட மரங்கள் பலவற்றுக்கு வேர், 1530 முதல் 1680கள் வரை, குடும்பச் சின்னங்களைக் கவனிக்கும் ஹெரால்டு என்ற அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகப் போய்த் தொகுத்த வம்சாவளிகள். குடும்பத்தார் வாயால் சொன்னதை எழுதிக்கொண்டதும் அதில் நிறைய உண்டு. தாத்தா வரைக்கும் நம்பலாம். அதற்கு மேல் இருநூறு வருஷம் என்றால் பெருமைக்குச் சேர்த்தது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அந்த இரண்டாவது மனைவிக்கு மரத்தில் ஏதாவது சுருள் எண் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால், விசாரணைச் சுருக்கத்தைப் படித்து முடிக்கும் வரை அவர் பெயரைப் பென்சிலிலேயே எழுதி வையுங்கள்.