வெளுத்த பம்பர், வழிந்த கோட்டிங், "2 வருட கேரண்டி": பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: என் காரின் கறுப்பு பிளாஸ்டிக் பாகங்கள் வெயிலில் சாம்பல் நிறமாகிவிட்டன. "2 வருடம் கேரண்டி, மழையில் போகாது" என்ற விளம்பரத்தை நம்பி ஆன்லைனில் 1,150 ரூபாய்க்கு ஒரு கோட்டிங் வாங்கி வீட்டிலேயே பூசினேன். நாலாவது வாரம் பெய்த மழையில் கோடு கோடாக வழிந்து, கதவு பெயிண்ட்டில் கறை பிடித்துவிட்டது. பாலிஷ் போட்டும் போகவில்லை. ரிட்டர்ன் 7 நாள்தான் என்கிறார்கள். கோட்டிங் பூசுவதற்கு முன்பு ஹீட் கன் (சூடான காற்று வீசும் கருவி) காட்டியதில் பின் பம்பரும் ஓரிடத்தில் நெளிந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து வழக்குப் போடலாமா? — கரூர் வாசகர்

பதில்: முதலில், காரைக் கழுவாதீர்கள். வழிந்த கோடுகளையும் கதவுக் கறையையும் நல்ல வெளிச்சத்தில் கிட்டத்தில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலை மீதித் திரவத்தோடு மூடி பத்திரமாக வையுங்கள், அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், நோட்டீஸ் போனதும் "2 வருடம்" என்ற வரி காணாமல் போக வாய்ப்பு உண்டு.

7 நாள் கணக்கைக் கேட்டு நீங்கள் சோர்ந்துபோக வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில் 6-ஆவது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது: பொருள் குறையுள்ளதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாவிட்டாலோ, திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக்கூடாது. 2 வருடம் நிற்கும் என்று விற்ற பொருள் ஒரு மாதம் தாங்கவில்லை என்பதை 7 நாளுக்குள் யாரால் கண்டுபிடிக்க முடியும்? நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது.

அடுத்தது கதவுக் கறை. பொருளின் விலையை விட இதைச் சரிசெய்யத்தான் அதிகம் செலவாகும், வாதமும் இங்கேதான் நடக்கும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆவது பிரிவின்படி, பாதிப்பைத் தவிர்க்கத் தேவையான உபயோகக் குறிப்போ எச்சரிக்கையோ போதுமான அளவு இல்லையென்றால் தயாரிப்பாளர் பொறுப்பு. ஆனால் 87-ஆவது பிரிவில் எதிர்த்தரப்புக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது, பொருளைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். இந்த மாதிரி கோட்டிங் பிடிக்க வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கில் பழைய வாக்ஸ், சிலிக்கோன் பாலிஷ் எதுவும் இருக்கக்கூடாது, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிட்டு, பெயிண்ட் ஓரங்களில் டேப் ஒட்டிவிட்டுத்தான் பூச வேண்டும். எனவே பாட்டில் லேபிளை வரி வரியாகப் படியுங்கள். இதெல்லாம் அதில் எழுதியிருந்தும் நீங்கள் செய்யாமல் விட்டிருந்தால், கறைக்கான நஷ்ட ஈடு கிடைப்பது கஷ்டம். "துடைத்துப் பூசவும்" என்று ஒற்றை வரிதான் இருக்கிறது, பெயிண்ட்டில் படக்கூடாது என்று எங்கேயும் இல்லை என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கும். டிங்கரிங் கடையில் கதவைக் காட்டி எழுத்தில் எஸ்டிமேட் வாங்கிக்கொள்ளுங்கள்.

நெளிந்த பம்பரைப் புகாரில் சேர்க்காதீர்கள். அது கோட்டிங்கால் வந்ததில்லை, ஹீட் கன்னை ஒரே இடத்தில் காட்டினால் பிளாஸ்டிக் இளகத்தான் செய்யும். அதையும் சேர்த்தால், "இவரே சூடு காட்டிக் கெடுத்துவிட்டு எங்கள் மேல் பழி போடுகிறார்" என்று மொத்தப் புகாரையும் அதை வைத்தே உடைப்பார்கள். ஹீட் கன் காட்டிய இடத்திலும் இந்தக் கோட்டிங்கைப் பூசியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, சூடு படாத முன் பம்பரிலும் வீல் ஆர்ச்சிலும் அதே மாதிரி வழிந்ததைக் காட்டுங்கள், வழக்குக்கு அதுவே நல்ல பலம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு தர வேண்டும். விற்பவரின் முகவரியையும் அப்போதே கேளுங்கள், தர வேண்டியது தளத்தின் கடமை. கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவிடுங்கள், சின்னத் தொகை விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடுவதும் உண்டு.

அதற்கும் மசியவில்லை என்றால் விற்பவர், தயாரிப்பாளர், தளம் மூன்று பேரையும் சேர்த்து ஆணையத்துக்குப் போகலாம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் ஊரை வைத்து கரூர் மாவட்ட ஆணையத்திலேயே, இ-ஜாக்ரிதி என்ற அரசின் ஆன்லைன் புகார் தளம் வழியாகவே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் முடிவு செய்தால் அந்தச் செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம், அதற்கு மட்டும் தயாராக இருங்கள். பாட்டிலில் மிச்சமிருப்பதை வேறு எதிலும் பூசித் தீர்த்துவிடாதீர்கள்.