வாசகர் கேள்வி–பதில்: நாக்கு எழவில்லையே, எப்படிச் சொல்வது?

ஈஸ்டரை ஒட்டி இந்த முறை நம் தென்னாப்பிரிக்கத் தமிழ் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்கள் பலவும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இயேசு உயிர்த்தெழுந்தார் என்ற செய்தி தெரியும், விசுவாசமும் உண்டு, வாய் திறக்கத்தான் பயம். அவற்றில் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் சொல்கிறோம். பெயர்களை எடுத்துவிட்டோம்.

கேள்வி: வாழ்க்கைப்பட்ட வீட்டில் நான் ஒருத்திதான் கிறிஸ்தவள். புனித வெள்ளியன்று குடும்பமே ஐசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போகும். நான் சபைக்குப் போவேன். சாயங்காலம் எல்லாரும் கூடும்போது என் நாத்தனார், "உங்க சாமி செத்த நாளுக்கு ஏன் அண்ணி 'குட்' ஃபிரைடேன்னு பேர்?" என்று கேட்பாள். பதில் எனக்குத் தெரியும். ஆனால் நெஞ்சு படபடக்கிறது, தொண்டை அடைத்துக்கொள்கிறது. சிரித்து மழுப்பிவிடுகிறேன். (சாட்ஸ்வொர்த்)

பதில்: முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், சகோதரி. இந்தச் செய்தியை முதன்முதலில் கேட்டவர்களுக்கே நாக்கு எழவில்லை. மாற்கு 16-ஆம் அதிகாரத்தைத் திறந்து 8-ஆம் வசனத்தைப் பாருங்கள். கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கி ஓடினார்கள், பயத்தால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் இரண்டில், 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை அவை, மாற்குவின் சுவிசேஷம் அந்தப் பயத்தோடேயே நின்றுவிடுகிறது. சீடர்களும் அப்படித்தான்: யோவான் 20:19-இல் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே, 'எனக்குப் பயம் இருக்கிறதே, என் விசுவாசம் பொய்யோ' என்று உங்களையே குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம். பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் பல ஈஸ்டர்கள் போய்விடும். பயம் கூடவே இருக்கட்டும், பேச்சு சின்னதாக இருக்கட்டும். இதுதான் வழி.

சின்னது என்றால் எவ்வளவு? ஒரு நிமிடம். ஐந்தாறு வாக்கியம். ஒரு தாளில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

"இயேசுவை வெள்ளிக்கிழமை சிலுவையிலே அறைஞ்சு கொன்னாங்க. கல்லறையிலே வச்சு வாசலைப் பெரிய கல்லாலே அடைச்சாங்க. மூணாம் நாள் விடியக்காலையிலே போன பொம்பளைங்க பார்த்தப்போ கல் புரண்டு கிடந்தது, உடம்பு அங்கே இல்லை. அப்புறம் அவரே அவங்க முன்னாடி உயிரோட வந்து நின்னார். நான் செஞ்ச தப்புக்கும் சேர்த்துத்தான் அவர் செத்தார்னு நான் நம்பறேன். அவர் உயிரோட இருக்கார். அதனாலேதான் அந்த வெள்ளிக்கிழமை எங்களுக்கு நல்ல வெள்ளி."

இதை மனப்பாடமாக ஒப்பிக்கக் கூடாது. ஒப்பித்தால் நடுவில் ஒரு சொல் மறந்ததும் எல்லாம் கலைந்துவிடும். வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: செத்தார், அடக்கம் பண்ணினார்கள், எழுந்தார், காணப்பட்டார். பவுல் 1 கொரிந்தியர் 15:3 முதல் 8 வரை சொல்வதும் இதே வரிசைதான். நான்கு விரல்களில் எண்ணிக்கொள்ளலாம்.

அடுத்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் சொல்வது பழக்கம் ஆகாது. தொண்டை அடைப்பது சத்தம் வெளியே வரும்போதுதானே. முதல் வாரம் சமையலறையில் தனியாக, தினம் மூன்று தடவை. இரண்டாம் வாரம் சபையில் நம்பிக்கையான ஒரு அக்காவிடம். மூன்றாம் வாரம் வீட்டுக்கு வெளியே, உங்களைப் பிடித்த ஒரு இந்துத் தோழியிடம். அதற்குப் பிறகே நாத்தனார். படி தாண்டி நேரே குடும்பக் கூட்டத்தின் நடுவே ஆரம்பிக்கிறவர்கள்தான் பெரும்பாலும் ஒரே தடவையில் ஓய்ந்துவிடுகிறார்கள். பேசுவதற்கு முன் நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள், மூன்று முறை. வெளிமூச்சு நீளும்போது படபடப்பு தணியும். கையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும். வாய் உலர்ந்தால் ஒரு மிடறு குடிப்பதில் வெட்கம் இல்லை.

நாளையும் பாருங்கள். கரும்புத் தோட்டத்து ஆட்களுக்குப் புனித வெள்ளி விடுமுறை என்பதால்தான் மாரியம்மன் திருவிழா அந்த நாளை ஒட்டி அமைந்தது என்பார்கள் பெரியவர்கள். உங்கள் வீட்டார் விரதம் இருந்து, வெயிலில் நின்று, களைத்துத் திரும்புகிற சாயங்காலம் அது. அன்று நீங்கள் எவ்வளவு பணிவாகச் சொன்னாலும், அவர்கள் விரதத்துக்கு எதிர்ப்பேச்சாகவே அது காதில் விழும். நாத்தனார் கேட்டால், "நல்ல கேள்வி கேட்டே. திங்கட்கிழமை குடும்ப தினத்துக்கு வர்றே இல்லே? ஒரு நிமிஷம் உட்கார்ந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். ஈஸ்டருக்கு அடுத்த அந்தத் திங்கள் நமக்கு விடுமுறைதானே. மழுப்பலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு, நாள் குறித்துவிட்டீர்கள். திங்களன்று அவள் மறந்திருந்தால் நீங்களே நினைவுபடுத்துங்கள். சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். 'இப்போ என்ன சொல்றே, சபைக்கு வர்றியா?' என்று அதே மூச்சில் கேட்பதுதான் பலர் செய்கிற தவறு. கேட்டவளுக்கு யோசிக்க இடம் வேண்டும்.

கேள்வி: என் ஆயாவுக்குத் தமிழ்தான் நெருக்கம். எனக்கு வீட்டுத் தமிழ் மட்டும் வரும். "இயேசு உயிர்த்தெழுந்தார்" என்று சொன்னேன். "ஆமா கண்ணு, எல்லாரும் திரும்பப் பிறக்கத்தான் செய்றோம்" என்றார்கள். அதற்கு மேல் எப்படி விளக்குவது? (ஃபீனிக்ஸ்)

பதில்: தம்பி, உங்கள் தமிழில் குறை இல்லை. 'உயிர்த்தெழுதல்' சபைக்குள் புழங்குகிற சொல். வெளியே இருப்பவர்களுக்கு அது மறுபிறவி மாதிரிதான் கேட்கும். வீட்டுத் தமிழே இதற்குப் போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. "செத்தவர் எழுந்து வந்தார்" என்று சொல்லுங்கள்.

மறுபிறவி என்றால் வேறு உடம்பு, வேறு பேர், வேறு தாய் வயிறு. இங்கே அதே உடம்பு. யோவான் 20-இல் கையிலும் விலாவிலும் அதே காயம் இருக்கிறது. மகதலேனா மரியாளை அதே குரலில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். அதுவரை தோட்டக்காரர் என்று நினைத்திருந்தவள் அந்தக் கூப்பாட்டில்தான் அடையாளம் கண்டுகொள்கிறாள். ஆயாவுக்கு இந்த இடத்தைச் சொல்லுங்கள். பேரனைக் குரலிலேயே கண்டுபிடிக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். "அப்போ அது ஆவியா?" என்று அடுத்து கேட்பார்கள். அதற்கு லூக்கா 24: சீடர்களும் அப்படித்தான் பயந்தார்கள். அவர் என்ன செய்தார்? "சாப்பிட ஏதாவது இருக்கா?" என்று கேட்டு, அவர்கள் கொடுத்த மீன் துண்டை அவர்கள் கண்முன்னே சாப்பிட்டார். புனித வெள்ளிக்கு மீன் குழம்பு வைக்கிற வீடுகள் டர்பனில் எத்தனையோ. சாப்பாட்டு மேசையிலேயே இதைச் சொல்லலாம்.

இன்னொரு சொல், 'பாவம்'. நம் பேச்சில் "அய்யோ பாவம்" என்றால் இரக்கம். பாவ புண்ணியம் என்றால் கணக்கு. சபையில் சொல்கிற பொருள் இரண்டும் இல்லை. "தப்பு", "கடவுள்கிட்டேயிருந்து விலகிப் போனது" என்று சொல்லுங்கள். 'இரத்தத்தால் கழுவப்பட்டேன்' போன்றவற்றை முதல் பேச்சில் அடியோடு விட்டுவிடுங்கள். பாட்டில் அழகாக இருக்கும். பழக்கமில்லாத காதுக்குத் திகிலாக இருக்கும்.

வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு காலைவரை எப்படி மூன்று நாள் என்றும் ஆயா கேட்கலாம். யூதர்கள் நாளின் ஒரு பகுதியையும் ஒரு நாளாக எண்ணினார்கள்: வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று. நம் வீடுகளில் பதினாறாம் நாள் காரியத்துக்கு முதல் நாளையும் சேர்த்து எண்ணுகிறவர்கள் உண்டே, அதுபோல.

கேள்வி: "வெள்ளைக்காரன் மதத்தை எடுத்துக்கிட்டு எங்ககிட்டே வராதே" என்கிறார்கள் நண்பர்கள். வாயடைத்துப் போகிறேன். (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: அந்தச் சொல்லுக்குப் பின்னால் வலி இருக்கிறது. எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று நிறவெறி அரசு வகுத்த குழுப் பகுதிச் சட்டத்தால் குடும்பங்களை வீட்டைவிட்டு எழுப்பியதும், அந்த அரசுக்கு வேதத்தைக் காட்டி நியாயம் சொன்ன சபைகள் இருந்ததும் இந்த நாட்டில் நடந்தவை. அதை மறுக்காதீர்கள், "நீ சொல்றது உண்மை, அது தப்பு" என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு சரித்திரத்தைச் சொல்லலாம். இயேசுவின் கல்லறை இருந்தது எருசலேமில், ஆசியாவில். அவர் காயத்தைத் தொட்டுப் பார்க்கக் கேட்ட சீடர் தோமா கி.பி. 52-இல் இந்தியாவுக்கு வந்தார் என்பது நம் பக்கத்து மரபு; மயிலாப்பூரில் அவர் பெயரால் கல்லறை இருக்கிறது. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பலில், ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களிடையே கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். கரும்பு வெட்ட வந்த கைகளோடு இந்த விசுவாசமும் கப்பலேறி வந்தது. இவ்வளவு போதும். வாதத்தில் ஜெயித்தால் நண்பர் கிடைக்கமாட்டார்.

கேள்வி: எங்கள் வாலிபர் குழு, திருவிழா நடக்கும் கோவில் வாசலில் கைப்பிரதி கொடுக்கத் திட்டமிடுகிறது. பயத்தை வெல்ல நல்ல பயிற்சி என்கிறார்கள். எனக்கு மனது ஒப்பவில்லை. (டொங்காட்)

பதில்: உங்கள் மனது சொல்வது சரி. செய்யாதீர்கள். நேர்த்திக்கடன் செலுத்த வந்தவரின் கையில் வேறு தாளைத் திணிப்பது தைரியம் ஆகாது. 1 பேதுரு 3:15 சொல்கிற சாந்தத்துக்கும் அது நேர்மாறு. பேர் தெரியாத நூறு பேரிடம் தாளை நீட்டிவிட்டு நகர்வது உண்மையில் சுலபம். பக்கத்து வீட்டுக்காரரிடம் முகம் பார்த்து ஒரு நிமிடம் பேசுவதற்குத்தான் பயிற்சி வேண்டும். வாலிபர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் சொல்ல மற்றவர் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். பத்து நிமிடம் கழித்து இடம் மாறட்டும்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். நோயாளிகளிடம் ஈஸ்டர் செய்தி சொல்லலாமா? (லேடிஸ்மித்)

பதில்: நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். படுக்கையில் இருப்பவரால் எழுந்து போக முடியாது, உங்கள் கை மருந்தை நம்பித்தான் கிடக்கிறார். அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு தரும் மத சுதந்திரம் அவருக்கும் உண்டு. அவரே கேட்டால் சுருக்கமாகச் சொல்லுங்கள். விரும்பினால் அவர் மதத்தைச் சேர்ந்த ஊழியரை அழைக்க ஏற்பாடு செய்யுங்கள். உடன் வேலை செய்பவர்களோடு சாப்பாட்டு இடைவேளையில் பேசலாம், உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களைத் தவிர.

கேள்வி: போன ஈஸ்டருக்கு என் தம்பியிடம் தைரியமாகச் சொன்னேன். எல்லார் முன்னாலும் சிரித்தான். அதிலிருந்து சரியாகப் பேசுவதுகூட இல்லை. இனி வாய் திறக்கவே மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். (வெருலம்)

பதில்: சகோதரரே, சிரிப்பு இந்தச் செய்திக்குப் புதிதல்ல. பெண்கள் ஓடிவந்து சொன்னபோது அப்போஸ்தலர்களே வீண்பேச்சு என்று தள்ளினார்கள் (லூக்கா 24:11). அந்தக் காலத்தில் பெண்ணின் சாட்சிக்கு வழக்குமன்றத்தில் மதிப்புக் குறைவு. அப்படியிருந்தும் நான்கு சுவிசேஷங்களும் பெண்களைத்தான் முதலில் நிறுத்துகின்றன. கட்டிய கதையாக இருந்தால் வேறு ஆளைப் போட்டிருப்பார்கள்.

உங்கள் விஷயத்தில் தம்பி என்பதுதான் முக்கியம். இயேசுவின் சொந்தச் சகோதரர்களே அவரை நம்பவில்லை என்று யோவான் 7:5 ஒளிக்காமல் எழுதுகிறது. பின்னால் 1 கொரிந்தியர் 15:7-இல், உயிர்த்த பின் அவரைக் கண்டவர்களின் பட்டியலில் அந்தச் சகோதரர்களில் ஒருவரான யாக்கோபின் பேர் வருகிறது. அந்தத் தம்பிதான் பிறகு எருசலேம் சபைக்குத் தூணாக நின்றார். இடையில் எத்தனை வருஷம் ஒரே வீட்டில் கசப்போடு இருந்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

தவறு எங்கே நடந்தது என்றால், 'எல்லார் முன்னாலும்'. கூட்டத்தில் கேட்டவன் கூட்டத்துக்காகச் சிரிப்பான். தனியாக இருந்திருந்தால் ஒருவேளை கேள்வி கேட்டிருப்பான். இப்போது செய்தியைத் திரும்பச் சொல்லப் போகாதீர்கள். உறவைச் சரிசெய்யப் போங்கள். "எல்லார் முன்னாடியும் பேசி உன்னைச் சங்கடப்படுத்திட்டேன்டா, என் தப்பு" என்று ஒரு வரி. செய்திக்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம். சொன்ன விதத்துக்காக மட்டும். அதற்கு அவன் என்ன சொன்னாலும் அன்றைக்கு மதப்பேச்சு கிடையாது.

பேதுரு மறுதலித்தது ஒரு கரிநெருப்புப் பக்கத்தில், வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்குப் பயந்து. உயிர்த்தெழுந்த இயேசு அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதும் கரிநெருப்புப் பக்கத்தில்தான், மீனும் அப்பமும் சுட்டுவைத்து, "வாங்க, சாப்பிடுங்க" என்று கூப்பிட்டு (யோவான் 21). சாப்பாடு முடிந்த பிறகே கேள்வி வந்தது. திங்கட்கிழமை நீங்களும் அடுப்பு மூட்டுவீர்கள். காலையிலேயே தம்பிக்குப் போன் செய்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.