மீன்தொட்டித் தாங்கியில் ஈரம்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: எங்கள் வீட்டு விறாந்தையில், 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட மீன்தொட்டி ஒன்று, கதவு வைத்த அலுமாரி போன்ற தாங்கியின்மேல் இருக்கிறது. இந்த மாரியில் தாங்கியின் மேற்பலகை பின்மூலையில் பொங்கி, வெள்ளை மேலுறையும் உரிந்துவிட்டது. கீழே கால்பக்கமும் தடித்திருக்கிறது. தொட்டியில் ஒழுக்கு எதுவும் தெரியவில்லை. காயவைத்துப் பசை பூசினால் போதுமா, தாங்கியை மாற்றத்தான் வேண்டுமா?
— வாசகி, கொக்குவில்

பதில்: தாங்கி சுமக்கும் பாரத்தை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். நீங்கள் தந்த அளவுகளின்படி தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 255 லீற்றர். விளிம்புக்குச் சற்றுக் கீழே நிரப்பினாலும் தண்ணீர் மட்டும் 230 கிலோ அளவில் இருக்கும். கண்ணாடியும் கூழாங்கல்லும் பாறைகளும் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டிவிடும். இவ்வளவு பாரம் இரவும் பகலும் ஓய்வின்றி ஒரே பலகைமேல் இருப்பதால், வீட்டிலுள்ள வேறெந்தத் தளபாடத்தின் பழுதையும் போல இதைத் தள்ளிப்போட முடியாது.

அடுத்து, அது என்ன பலகை என்று அறிய வேண்டும். கதவுப் பிணைச்சலுக்காகக் குடைந்த குழியிலோ, திருகாணித் துளையின் ஓரத்திலோ கைவிளக்கைப் பிடித்துப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. சீரான பழுப்புநிறத் தூளாகத் தெரிந்தால் எம்.டி.எவ்.; சிறு மரச்சீவல்கள் கலந்திருந்தால் சீவல்பலகை. வெள்ளை மேலுறை இருப்பதையும் பொங்கியிருப்பதையும் பார்த்தால் உங்களுடையது பின்னிரண்டில் ஒன்றாகவே இருக்க வேண்டும். இவை மரநாரையோ மரச்சீவலையோ பசையுடன் சேர்த்து அழுத்திச் செய்பவை. மேலுறை தண்ணீரை விடாது. ஆனால் வெட்டிய விளிம்பும் திருகாணித் துளையும் உறிஞ்சிக்கொள்ளும். ஒருமுறை பொங்கியபின் அழுத்தி வைத்த நார்கள் தம் பிடிப்பை இழந்துவிடுவதால், பலகை முற்றாகக் காய்ந்தாலும் பழைய தடிப்புக்கோ பழைய பலத்துக்கோ திரும்புவதில்லை. பசையும் மர நிரப்பியும் தோற்றத்தைச் சரிசெய்யலாம், பாரத்தைத் தாங்கமாட்டா. ஆகவே என் பதில் தெளிவானது: இந்தத் தாங்கியை மாற்றுங்கள். கெட்டி மரத்தால் செய்த தாங்கியாக இருந்திருந்தால், நிழலில் மின்விசிறியின் கீழ் ஆறுதலாகக் காயவைத்து, கறையான் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மீண்டும் வார்னிஷ் பூசிப் பயன்படுத்தச் சொல்லியிருப்பேன். கடும் வெயிலில் வைத்தால் அதுவும் வெடித்துக் கோணிவிடும்.

தாங்கியை மாற்றுமுன் தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடிக்காவிட்டால் புதிய தாங்கிக்கும் இதே கதிதான். இதில் எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரே உங்களுக்குச் சாட்சி சொல்லும். சுண்ணாம்புக்கல்லின் ஊடாக ஊறிவரும் அந்தத் தண்ணீர் காயும் இடமெல்லாம், கேத்தலின் அடியில் படிவது போன்ற வெள்ளைப் படையை விட்டுச்செல்லும். தொட்டியின் பின்கண்ணாடியில் அந்த வெள்ளைக் கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். மேல்விளிம்பிலிருந்து இறங்கினால், குமிழிகள் வெடித்துத் தெறிக்கும் நீரோ, வடிகட்டிக் குழாய் வழியே கசிவதோ காரணம். கீழ்மூலைப் பொருத்தில் மட்டும் தொடங்கினால் சிலிக்கன் ஒட்டு விட்டிருக்கிறது. கோடு எதுவும் இல்லாவிட்டால், கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடிவிளிம்பைச் சுற்றிப் பத்திரிகைத் தாளைச் செருகி, மறுநாள் காலை எங்கே நனைந்திருக்கிறது என்று பாருங்கள்.

பலரும் கவனிக்காத ஒரு வழியும் உண்டு. காற்றுப் பம்பு தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே, தாங்கியின் உள்ளே வைக்கப்பட்டிருந்தால், மின்சாரம் நிற்கும்போது தொட்டித் தண்ணீர் மெல்லிய குழாய் வழியே பின்னோக்கி இறங்கி அலுமாரிக்குள் வடியும். மின்சாரம் வந்ததும் நின்றுவிடும். அதனால்தான் ஒழுக்குக் கண்ணில் படுவதில்லை. பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். மின்வயர்களையும், சொக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மீண்டும் மேலேறும்படி விடுங்கள். வயர் வழியே வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஈரமான அலுமாரிக்குள் கையை விடுமுன் மின்சாரத்தை நிறுத்துவது கட்டாயம்.

புதிய தாங்கி வரும்வரை காத்திருக்கலாமா என்பதை ஓர் அளவுகோலால் அறியலாம். தண்ணீர் மட்டம் எப்போதும் நேராகவே நிற்கும் என்பதால், தொட்டியின் நான்கு மூலைகளிலும் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பொங்கிய மூலையின் அளவு மற்றவற்றிலிருந்து நாளுக்கு நாள் விலகிக்கொண்டு போனால், அன்றே தொட்டியை இறக்கிவிடுங்கள். மாற்றம் இல்லாவிட்டாலும் தண்ணீரைப் பாதியாகக் குறைத்து வைப்பது நல்லது.

இறக்கும்போது மீன்களைத் தொட்டித் தண்ணீரோடே பெரிய வாளிகளில் விட்டு, அவற்றுக்குக் காற்று கொடுங்கள். வடிகட்டியின் பஞ்சை குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவாமல், அதே தொட்டித் தண்ணீரில் ஊறவையுங்கள்; மீன் கழிவை முறிக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் வாழ்கின்றன. கல்லையும் மண்ணையும் எடுத்து, தொட்டியை வெறுமையாக்கியபின் மட்டுமே தூக்க வேண்டும். கொஞ்சத் தண்ணீர்தானே என்று விட்டுத் தூக்கினால் அடிக்கண்ணாடியின் ஒட்டு விடும்.

புதிய தாங்கிக்கு, பொக்ஸ் பாரில் (உள்ளே வெறுமையான சதுர இரும்புக் குழாயில்) வெல்டிங் செய்த சட்டத்தையே நான் விரும்புவேன். அதன்மேல் முக்கால் அங்குல ஒட்டுப்பலகையை வைத்து, வெட்டிய விளிம்புகள் உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசுங்கள். தொட்டியின் அடிக்கண்ணாடி முழுவதும் பலகையில் படிவதாயின் இடையில் மெல்லிய ரிஜிபோம் (தெர்மோகோல்) தகடு ஒன்றை விரியுங்கள். கால்களுக்கு இறப்பர் மூடி போட்டுவிட்டால், தரை கழுவும் தண்ணீர் கீழிருந்து ஏறாது. உங்கள் தாங்கியின் கால் தடித்ததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

கேள்வி: எங்களுடையது இரும்புத் தாங்கி. கால்களின் அடியில் கறள் பிடித்திருக்கிறது. சுரண்டிப் பெயின்ற் அடித்தால் போதுமா?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: கறள் மேலோடு மட்டும் என்றால் போதும். ஆனால் கடற்காற்றுப் படும் இடத்தில் பொக்ஸ் பாரின் உள்ளே தேங்கும் ஈரம் உள்ளிருந்தே அரித்துவிடும். வெளியில் பெயின்ற் நன்றாகத்தான் தெரியும். கூரான திருப்புளியால் காலின் அடியில் அழுத்திப் பாருங்கள். இரும்பு உள்வாங்கினாலோ, செதில் செதிலாக உதிர்ந்தாலோ, தொட்டியை இறக்கிவிட்டு அந்தக் காலை வெட்டிப் புதிதாக ஒட்டவேண்டும். உறுதியாக இருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து, கறள் தடுக்கும் பூச்சு ஒன்றை அடித்து, அது காய்ந்தபின் எனாமல் பூசுங்கள். பொக்ஸ் பாரின் திறந்த முனைகளையும் மறக்காமல் அடைத்துவிடுங்கள்.