ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் மோட்

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் மைன்கிராஃப்ட் கேமில் சர்வைவல் உலகம் ஒன்றை வெகுநாளாகக் கட்டிக்கொண்டிருக்கிறான். இப்போது 'மோட்' என்று, கேமை மாற்றும் கூடுதல் கோப்பு ஒன்றைப் போட வேண்டும் என்று அடம். யூடியூப் வீடியோவுக்குக் கீழே ஒரு லிங்க்கைக் காட்டினான். 'ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று போட்டிருக்கிறது. என் கணவர் வங்கிக் கணக்கு பார்ப்பதும் அதே லேப்டாப்பில்தான். அனுமதிக்கலாமா?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மோட் போடட்டும், தப்பில்லை. அந்த லிங்க் மட்டும் வேண்டாம். காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறக்கச் சொல்கிறவன் எதற்கு வருவான்? பையன் எவ்வளவு கெஞ்சினாலும் இதில் இறங்கி வராதீர்கள்.

மைன்கிராஃப்ட்டில் இரண்டு வகை உண்டு; அவனிடம் இருப்பது ஜாவா எடிஷனா, பெட்ராக்கா என்று முதலில் பாருங்கள். பெட்ராக்குக்கு 'ஆட்-ஆன்' என்று வேறு ஏற்பாடு உண்டு. நான் சொல்வது ஜாவாவுக்கு.

ஜாவா மோட் ஒரு ஜார் கோப்பாக வரும். பாட்டு, படம் போல அது சும்மா கிடக்காது, முழு புரோகிராம். கேம் ஓடும்போது அதுவும் ஓடும். அந்த விண்டோஸ் கணக்கில் எதையெல்லாம் திறக்க முடியுமோ, அதையெல்லாம் அதுவும் திறக்கலாம். அதனால் பையனுக்கு லேப்டாப்பில் தனிக் கணக்கு உருவாக்குங்கள், அட்மின் உரிமை இல்லாத 'ஸ்டாண்டர்டு' கணக்கு. கணவர் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் அவர் கணக்கோடு இருக்கட்டும். நான் சொல்வதில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

மோட் எடுக்க மோட்ரின்த், கர்ஸ்ஃபோர்ஜ் என்ற இரண்டு தளங்களும் போதும். கூகுளில் தேடினால், எழுதியவரைக் கேட்காமலே மோட்களை நகலெடுத்து வைத்திருக்கும் தளங்களும் வந்து நிற்கும். பக்கம் முழுக்க டவுன்லோட் பட்டன், பாதி விளம்பரம். ஒரு மோட் பாஸ்வேர்டு போட்ட ஜிப்பாக வந்தால் திறக்கவே வேண்டாம். ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காகவே அப்படிப் பூட்டுகிறார்கள்.

நல்ல தளத்திலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. 2023 ஜூனில் 'ஃப்ராக்சரைசர்' என்ற வைரஸ் கர்ஸ்ஃபோர்ஜ் மோட்களுக்குள்ளேயே புகுந்தது. பிரவுசர் குக்கீகளையும் மைக்ரோசாஃப்ட், டிஸ்கார்ட் கணக்குகளின் லாகின் விவரங்களையும் திருடியது. கணினியில் இருந்த மற்ற ஜார் கோப்புகளிலும் தொற்றிக்கொண்டது. ஆகவே நேற்று முளைத்த மோட் வேண்டாம். நாள்பட்டது, நிறையப் பேர் பயன்படுத்துவது, சோர்ஸ் கோடு (எழுதிய மூல நிரல்) எல்லாரும் பார்க்கும்படி வெளியே கிடைப்பது என்று பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

என் அக்கா மகனுக்கு நான் முதலில் போட்டுக்கொடுத்தது சோடியம் என்ற மோட். உலகத்தில் எதையும் சேர்க்காது, கேமை வேகமாக ஓட வைக்கும், அவ்வளவுதான். பழைய லேப்டாப்புக்கு வரம். வேண்டாம் என்று எடுத்தாலும் கட்டிய வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. புதிய பிளாக், புதிய மிருகம் சேர்க்கும் மோட்கள் அப்படியல்ல. பிறகு நீக்கினால் அவை சேர்த்ததெல்லாம் உலகத்திலிருந்து காணாமல் போகும். அதனால் முன்கூட்டியே உலகங்களின் பட்டியலில் 'எடிட்' போய் 'மேக் பேக்கப்' அழுத்தி, கிடைக்கும் ஜிப்பைப் பென் டிரைவில் போட்டு வையுங்கள்.

மோட்களை ஓட்ட ஒரு லோடர் வேண்டும்: ஃபேப்ரிக், ஃபோர்ஜ், நியோஃபோர்ஜ் என்று பல. பெரும்பாலான தகராறு இங்கேதான். 1.20.1 ஃபோர்ஜுக்கு எழுதிய மோட் 1.21.1 ஃபேப்ரிக்கில் ஓடாது. வெர்ஷன், லோடர் இரண்டும் பொருந்த வேண்டும். பல ஃபேப்ரிக் மோட்களுக்கு 'ஃபேப்ரிக் ஏபிஐ' என்ற இன்னொரு கோப்பும் தேவை. கேம் திறக்காமல் நின்றால் திரையில் வருவதைப் படிக்கச் சொல்லுங்கள், எது குறைகிறது என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். பிள்ளைகள் படிக்காமல் மூடிவிடுகிறார்கள்! மோட்ரின்த்தின் சொந்த ஆப்பில் லோடரை அதுவே போட்டுக்கொள்ளும். ஒவ்வொரு மோட் கூட்டத்துக்கும் தனி இடம் கொடுக்கும், மூல கேம் கலையாது. ஒவ்வொரு மோடாகச் சேர்த்து, புது உலகத்தில் ஓட்டிப் பார்த்த பிறகு பழைய உலகத்தைத் திறக்கட்டும்.

அப்புறம், அந்த லிங்க்கை அவன் ஏற்கெனவே இன்ஸ்டால் செய்து பார்த்தானா என்று கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். ஆம் என்றால் லேப்டாப்பை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, வங்கி, மெயில், மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்டுகளைக் கணவரின் போனிலிருந்து மாற்றுங்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு அந்த லேப்டாப்பில் வங்கி வேலை பார்த்தால் போதும்.