ஸ்டேஷன் எங்கிட்டு?

"அக்கா, போன வாரம் தனுஷ்கோடி போனேன். படத்துல பார்த்த அளவுக்கு சர்ச் பிரம்மாண்டமா இல்ல, ஏமாத்தமாப் போச்சு. படத்துல காட்டுனது செட்டா? அப்படின்னா அதை அங்கயே விட்டுருந்தா டூரிசத்துக்கு நல்லதுதானே? பேய் இருக்குன்னு சொல்றாங்களே, நெசமா?"
- ஒரு வாசகர், மதுரை

தம்பி,

பேயை யூடியூப்ல போய்க் கேட்டுக்க. எந்தப் படம்னே நீ சொல்லல, செட்டா நெசமான்னு நான் எப்படிச் சொல்ல? ஆனா அந்த 'ஏமாத்தம்' இருக்கே, அது ரெண்டு நாளா தொண்டையில மீன்முள்ளு மாதிரி நிக்குது.

சர்ச் உன்னைய ஏமாத்தலடா. முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்லு) சுண்ணாம்பும் வச்சுக் கட்டுன கடற்கரைக் கோயில் அது, அம்புட்டு உசரம் போதும். அண்ணாந்து பாக்க வச்சது மணல்ல படுத்துக்கிட்டுப் புடிச்ச கேமரா.

எங்க அப்பத்தா அந்த ஊர்ல வாழ்ந்தது. 64 டிசம்பர்ல புயல் வந்து ஊரே அழிஞ்சப்போ, ஒரு விசேஷத்துக்கு பாம்பன் வந்திருந்ததால பொழச்சுச்சு. நான் பள்ளிக்கூடம் படிக்கையில எங்க கடற்கரையில ஒரு ஷூட்டிங்குக்கு பிளைவுட்டு, தெர்மாகோல், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எல்லாம் வச்சு தனுஷ்கோடி செட்டு போட்டாக, பழசாத் தெரியணும்னு டீத்தண்ணிய வேற அடிச்சாக. அப்பத்தாவக் கூட்டிட்டுப் போய்க் காமிச்சோம். சுத்திச் சுத்திப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு, "ஸ்டேஷன் எங்கிட்டு?"

ஸ்டேஷனே போடல. இடிஞ்ச சர்ச்சு இருந்தாப் போதும், தனுஷ்கோடி ஆயிருச்சு! அப்பத்தாவுக்கு ஊருன்னா ஸ்டேஷன்தான், போட் மெயில் ரயில்ல வந்து எறங்கி இலங்கைக்கு, தலைமன்னார் போற கப்பலுக்கு மூட்டையோட ஓடுற சனம், கஸ்டம்ஸ், போஸ்ட் ஆபீஸு, பள்ளிக்கூடம், எந்நேரமும் சத்தம். புயலடிச்ச டிசம்பர் 22 ராத்திரி 653-ஆம் நம்பர் பாசஞ்சர் ரயிலு நூறு பேருக்கு மேல வச்சுக்கிட்டு கடலோட போனது அந்த ஸ்டேஷனுக்கு வர்ற வழியிலதான். சத்தமா இருந்த ஊரை, பொறக்கும்போதே இடிஞ்சு பொறந்த ஊரா சினிமா ஆக்கிருச்சு, அதுதான் எனக்குக் கோவம்.

இன்னொண்ணு. எங்க சித்தி காயப்போட்ட கருவாடு ஃப்ரேம்ல விழுதுன்னு அள்ளச் சொன்னாக, பாழடைஞ்ச ஊர்ல கருவாடு காயக்கூடாதாம். இன்னைக்கும் அங்க குடிசை போட்டு மீன் புடிக்கிறாக, சங்கு பாசி விக்கிறாக. நீ செல்ஃபி எடுக்கையில அவுகள ஃப்ரேமுக்கு வெளிய தள்ளலன்னு சொல்லு பாப்போம்.

செட்டை விட்டுட்டுப் போகலையான்னு கேட்டேல்ல? எங்க ஊர்ல விட்டுட்டுத்தான் போனாக. ரொம்ப நாளைக்கு வலையில தெர்மாகோல் வந்துச்சு.

அடுத்த தடவ வர்றப்போ சொல்லிட்டு வா, ஸ்டேஷன்ல மிச்சம் நிக்கிற சுவரை நானே காமிக்கிறேன். மத்தியானத்துக்கு முன்னாடி வந்துரு, கருவாட்டுக் கொழம்பு வைக்கணும்.