போபோஸ் மண் எதற்கு?

கேள்வி: செவ்வாயின் தரையிலேயே ஊர்திகள் ஓடும்போது, அதன் சிறு நிலவான போபோஸிலிருந்து மண் எடுத்துவர ஜப்பானின் விண்வெளி ஆய்வு நிறுவனமான ஜாக்சா 'எம்எம்எக்ஸ்' விண்கலத்தை உருவாக்கியது ஏன்? அவ்வளவு சிறிய நிலவில் கலம் எப்படி இறங்கும்?

பதில்: 1877இல் அமெரிக்க வானியலாளர் ஆசாப் ஹால் கண்டறிந்த போபோஸ் எப்படி உருவானது என்பது இன்றுவரை தீராத வழக்கு. அதன்மீது பட்டுத் திரும்பும் ஒளியை ஆராய்ந்தால் கரிய சிறுகோளைப் போலத் தெரிவதால், செவ்வாயின் ஈர்ப்பில் சிக்கிய சிறுகோள்தான் அது என்கிறார்கள் ஒரு சாரார். அப்படிச் சிக்கிய பொருளின் பாதை ஏறத்தாழ வட்டமாகவும், செவ்வாயின் நடுக்கோட்டுக்கு நேர் மேலாகவும் அமைவது அரிது என்பதால், செவ்வாயில் நிகழ்ந்த பெருமோதலில் சிதறிய துண்டுகள் திரண்டு உருவானது என்பது மறுசாரார் வாதம். சிறுகோள் என்றால் நீரேறிய கனிமங்களும் கரிமச் சேர்மங்களும் மண்ணில் இருக்கும். மோதலில் பிறந்தது என்றால் உருகி உறைந்த பாறையின் தடயம் இருக்கும். இதைத் துகளைக் கையில் வைத்து ஆராய்ந்தே உறுதியாகச் சொல்ல முடியும்.

என்னைப் பெரிதும் ஈர்ப்பது வேறொன்று. விண்கற்கள் மோதும்போது செவ்வாயிலிருந்து தெறித்த துகள்கள், அதன் தரைக்கு மேலே சுமார் 6,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் போபோஸ்மீதும் படிந்திருக்க வேண்டும். ஆகவே அங்கே அள்ளும் மண்ணில், ஊர்திகள் எட்டாத செவ்வாய்ப் பகுதிகளின் துகள்களும் கலந்திருக்கக்கூடும்.

இறங்குவதுதான் கடினம். சுமார் 22 கி.மீ. அகலமே கொண்ட போபோஸில் 60 கிலோ மனிதரின் எடை ஏறத்தாழ 35 கிராம்தான். இந்த ஈர்ப்பைச் செவ்வாயின் ஈர்ப்பு விஞ்சிவிடுவதால், கலம் போபோஸை வழக்கமான முறையில் சுற்ற இயலாது. அதனுடனேயே செவ்வாயைச் சற்று மாறுபட்ட பாதையில் சுற்றும். போபோஸிலிருந்து பார்த்தால் கலம் போபோஸையே சுற்றிவருவது போலத் தோன்றும். அங்கே பகல் நான்கு மணி நேரத்துக்கும் குறைவு என்பதால், இறங்கியதும் குழாயை மண்ணில் செலுத்தியும் வாயுவை ஊதியும் துகள்களைச் சேகரித்துவிட்டு, இருள்வதற்குள் கிளம்பிவிட வேண்டும். 10 கிராமுக்குக் குறையாமல் எடுப்பதே இலக்கு. இது போதுமா என்று ஐயுற வேண்டாம். ரியூகு சிறுகோளிலிருந்து 2020இல் வந்த 5.4 கிராமிலேயே அமினோ அமிலங்கள் கண்டறியப்பட்டன.

கேள்வி: இதற்குமுன் யாரும் முயன்றதில்லையா?

பதில்: ரஷ்யா முயன்றது. 2011 நவம்பரில் அது ஏவிய 'போபோஸ்-குரூன்ட்' கலம் புவிச் சுற்றுப்பாதையைவிட்டு வெளியேற முடியாமல், 2012 ஜனவரியில் புவியின் வளிமண்டலத்தில் விழுந்து அழிந்தது. 'குரூன்ட்' என்றால் ரஷ்ய மொழியில் மண்.